கடைசிப் பக்கம் இல்லாத கொலைக் கதை

பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது. சென்னை போகணும்னா பஸ், இல்லாவிட்டால் அரியலூர் போய் ரயில் ஏற வேண்டும். சின்ன வயசில் அரியலூர் ஸ்டேஷன் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். காரணம் ரயில் இல்லை. வெளியே பெட்டிக்கடையில் கயிறு கட்டி, க்ளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த பாக்கெட் நாவல்கள். சாணித்தாள், அட்டையில் ஒரு கத்தி, பயந்த முகத்தோடு ஒரு பெண். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. அப்பா ஒன்று வாங்குவார். விருத்தாசலம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டு என் பக்கம் தள்ளுவார். "கடைசிப் பக்கத்தைப் பார்க்காதடா" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தப் பழக்கத்துக்குத் தண்டனை மாதிரி, வாழ்க்கையில் நான் படித்த மிக நீளமான கொலைக் கதைக்குக் கடைசிப் பக்கமே இல்லாமல் போச்சு.

பெரியம்மா வீட்டில் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. வார இதழில் வந்த தொடரை வாராவாரம் கிழித்து வைத்து, பிறகு தைத்து, காலிகோ ஒட்டியது. பொன்னியின் செல்வன். அஞ்சு பாகத்துக்கு அஞ்சு பைண்டு. அஞ்சாவதை யாரோ இரவல் வாங்கிப் போய், பின்பக்கம் கரையான் அரித்த நிலையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கடம்பூர் மாளிகை, இரவு, அறைக்குள் ஆதித்த கரிகாலன், எதிரே நந்தினி. விளக்கு அணைகிறது. அதற்கப்புறம் கொஞ்ச தூரம்தான் தாள் இருந்தது. கொன்றது யார் என்று கரையான் சாப்பிட்ட பக்கங்களில் இருக்கும் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1990-களின் கடைசியில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் மலிவுப் பதிப்புகள் வர ஆரம்பித்தன. முதல் வேலையாக அஞ்சாம் பாகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படித்தேன். முடித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். கல்கி சொல்லவே இல்லை! வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது, பாதாளச் சிறைக்குப் போகிறான். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் "இவன்தான்" என்று ஆசிரியர் விரல் நீட்டுகிற இடம் ஒன்றுகூட இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முடிவு திடுதிப்பென்று இருக்கிறது என்று வாசகர்கள் குறைப்பட்டு எழுதியிருக்கிறார்கள், கல்கியும் முடிவுரையில் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறார். கொலையாளி விஷயத்தில் மட்டும் அசையவில்லை.

இந்தக் குறிப்பு அந்தக் கோபத்தைப் பற்றியது. மர்மக் கதை படித்துப் படித்து எனக்கு ஒட்டிக்கொண்ட இரண்டு பழக்கங்களைப் பற்றியும்தான். ஒன்று என்னை ஒரு கூட்டத்தில் அசிங்கப்படுத்தியது. இன்னொன்று காப்பாற்றியது.

முதலில் கதை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

தமிழில் மர்மம், சஸ்பென்ஸ், திரில்லர், கிரைம் எல்லாவற்றையும் ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறோம். அட்டையில் எது பெரிசாக அச்சாகுமோ அது. ஆனால் மர்மமும் சஸ்பென்ஸும் கிட்டத்தட்ட எதிரெதிர் திசையில் ஓடுகிற வண்டிகள். ஹிட்ச்காக், த்ரூஃபோவிடம் சொன்ன மேஜை உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும்: மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி, இருப்பது நமக்குத் தெரிந்து, மேஜையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாவிட்டால், பேசி முடிக்கும்வரைக்கும் நமக்கு வயிற்றில் புளி கரைக்கும். அதாவது சஸ்பென்ஸில் வாசகனுக்குப் பாத்திரங்களைவிட அதிகம் தெரியும். மர்மத்தில் துப்பறிகிறவனைவிடவும் கொலைகாரனைவிடவும் குறைவாகத் தெரியும். எழுதுகிறவன் கையில் இருப்பது ஒரே ஒரு சரக்கு: தகவல். அதை யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதுதான் தொழில். ராஜேஷ்குமார் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது நல்லாவே தெரியும். கோயம்புத்தூரில் ஒரு கதை, சென்னையில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓடும். இரண்டும் எங்கே முட்டும் என்பதுதான் நம்மைக் கடைசிவரை உட்கார வைக்கும். 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர், அந்தத் தண்டவாளத்தில் எத்தனை ரயில் விட்டிருப்பார்!

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொன்னியின் செல்வனைப் பாருங்கள். முதல் பாகத்திலேயே வானத்தில் வால் நட்சத்திரம். அரச குடும்பத்தில் யாருக்கோ ஆபத்து என்று ஊரே பேசுகிறது. கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் நடுராத்திரி கூடி, மதுராந்தகனைப் பட்டத்துக்குக் கொண்டுவரப் பேசுவதை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம். குண்டு மேஜைக்கு அடியில் வைத்தாகிவிட்டது. இனிமேல் காஞ்சியில் கரிகாலன் சிரித்தாலும் கோபப்பட்டாலும் நமக்கு அடிவயிறு கலங்கும். கிட்டத்தட்ட நாலு பாகம் இது முழுக்க சஸ்பென்ஸ்தான். ராஜராஜன் பட்டத்துக்கு வருவான் என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்துவிட்டோம், கரிகாலன் வரமாட்டான் என்றும் தெரியும், ஆனாலும் ஓடுகிறோம்.

(முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்று ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. 2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லீவிட்டும் கிறிஸ்டென்ஃபெல்டும் வெளியிட்டது. முடிவை முன்பே சொல்லிவிட்டுக் கதை கொடுத்தவர்கள்தான் சராசரியாக அதிகம் ரசித்திருக்கிறார்கள், மர்மக் கதைகளிலும்கூட. அப்பாவிடம் காட்டியிருக்கலாம்.)

அஞ்சாம் பாகத்தில் கல்கி ஒரு காரியம் செய்கிறார். இவ்வளவு நேரம் நமக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தவர், சரியாக அந்த நிமிஷத்தில் விளக்கை அணைத்துவிடுகிறார். அறைக்குள் ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், முன்னால் நிற்கும் நந்தினி, சுரங்கவழியில் ரவிதாஸன் கூட்டம், மாறுவேஷத்தில் பெரிய பழுவேட்டரையர். எல்லாருக்கும் காரணம் இருக்கிறது, இல்லாவிட்டால் வாய்ப்பு இருக்கிறது. சஸ்பென்ஸாக ஓடிய வண்டி ஒரே அத்தியாயத்தில் மர்மமாகத் தடம் மாறுகிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். ஒரு விதி, ரகசிய அறையோ ரகசிய வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது. கல்கியின் சுரங்கப்பாதைகளை எண்ணினால் பாதிரியார் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். அது போகட்டும். மர்மக் கதையின் எழுதப்படாத முதல் விதி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும் என்பது. கல்கி அதைத்தான் மீறினார்.

ஏன் மீறினார் என்பதற்கு அப்போது எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "அவருக்குத் தெரியும், சொல்லப் பயம்." இது மர்ம நாவல் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பழக்கம். எது வெளியே தெரிகிறதோ அது உண்மை இல்லை. யார்மேல் சந்தேகம் வரவில்லையோ அவன்தான் ஆள். யாருக்கு லாபமோ அவனைப் பிடி. கரிகாலன் செத்ததால் யாருக்கு லாபம்? அடுத்துப் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனுக்கு. கேஸ் முடிந்தது. நீலகண்ட சாஸ்திரியே தன் சோழர் வரலாற்றில் உத்தம சோழனைச் சந்தேகித்திருக்கிறார் என்று எங்கோ படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் ஒரு சின்ன வாசகர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். உத்தம சோழனை நிற்கவைத்துத் தூக்கில் போட்டேன் என்றே சொல்லலாம். கைதட்டல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்தார்.

"தம்பி, நல்லா பேசினீங்க. ஒரே ஒரு சந்தேகம். கொன்னது யாருன்னு கல்வெட்டுல பேரோட போட்டிருக்கு. அதைப் படிச்சிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன் ஐயா."

"கேள்விப்பட்டதை வச்சா ஒரு மனுசன் மேல கொலைப்பழி போட்டீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி, இந்தக் கேஸ் சம்பந்தப்பட்ட இடங்கள் எல்லாம் டவுன் பஸ், மப்சல் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் "கீழப்பழுவூர் எறங்கு" என்பார். சின்னப் பையனாக அதை முதல்முறை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பழுவேட்டரையரின் பழுவூர் சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பும் ஒரு சாலைச் சந்திப்பு என்பதை மனசு ஒப்புக்கொள்ளவே நேரமாகிவிட்டது. ஆனால் அதேதான். கீழப்பழுவூரில் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில், மேலப்பழுவூர் பக்கம் கீழையூரில் அவனி கந்தர்வ ஈஸ்வரகிருகம் என்ற இரட்டைக் கோயில். சுவர்களில் கண்டன் மறவன், மறவன் கண்டன் என்று நிஜப் பழுவேட்டரையர்களின் பெயர்கள். சோழர்களுக்குக் கீழே இருந்த குறுநில மன்னர்கள், பராந்தக சோழனுக்குப் பெண் கொடுத்த சம்பந்திகள்.

இன்னொரு பக்கம் ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி வழியாகப் போனால் மாவட்ட எல்லை தாண்டி காட்டுமன்னார்கோவில். வீராணம் ஏரி, அதாவது நாவல் ஆரம்பிக்கிற வீரநாராயண ஏரி, அங்கேதான். கல்கியின் கடம்பூரும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். காட்டுமன்னார்கோவிலை ஒட்டியே உடையார்குடி, அனந்தீஸ்வரர் கோயில். அந்தச் சுவரில்தான் அந்தக் கல்வெட்டு.

போய் நின்றேன். ஒரு எழுத்துகூட எனக்கு ஓடவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்து, இடையிடையே கிரந்தம், வெயில் வேறு கண்ணில் அடிக்கிறது. கோயிலில் இருந்த குருக்கள், "எல்லாரும் கரிகாலன் கல்வெட்டுன்னு கேட்டுத்தான் சார் வர்றாங்க. படம் வந்தப்புறம் ஜாஸ்தி. போட்டோ எடுத்துக்குவாங்க" என்றார். நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? வீட்டுக்கு வந்து அச்சான வாசகத்தைத் தேடி உட்கார்ந்தபோதுதான் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தது.

1920-இல் படியெடுக்கப்பட்ட கல்வெட்டு. ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ராஜராஜன் என்று கொண்டால் ஏறத்தாழ 986-87. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரச ஆணையைப் பற்றியது. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகள் ஆனவர்கள் என்று சிலரைக் குறிப்பிடுகிறது. சோமன், அவன் தம்பி ரவிதாஸன், அவன் தம்பி பரமேஸ்வரன். கல்கியின் ரவிதாஸன் கற்பனை இல்லை, இந்தச் சுவரிலிருந்து இறங்கி வந்தவன். அவனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள். பிரமாதிராஜன் என்பது அரசு உயர்பதவியில் இருந்த பிராமணர்களுக்குக் கொடுக்கும் பட்டம். பஞ்சவன் பாண்டியனுக்கு வழங்கும் பெயர், இருமுடிச்சோழன் சோழப் பெயர். ஒரே வீட்டு அண்ணன் தம்பி, பட்டம் ஆளுக்கொரு திசையில் இழுக்கிறது. நாவலாசிரியன் கண்ணில் இது பட்டால் விடுவானா?

பழுவேட்டரையர் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. நந்தினி கல்கியின் கற்பனை, அவளும் இருக்க முடியாது. கடம்பூரும் இல்லை, கொலை எங்கே நடந்தது என்றே சுவர் சொல்லவில்லை. உத்தம சோழன் பெயரும் இல்லை.

அப்படியானால் சாஸ்திரி எதை வைத்துச் சந்தேகப்பட்டார்? முக்கியமாக இரண்டு விஷயம். ஒன்று, கொலை 970-ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். துரோகிகள் சொத்தின்மேல் நடவடிக்கை ராஜராஜனின் இரண்டாம் ஆண்டில் வருகிறது. நடுவில் பதினைந்து, பதினாறு வருஷம், அதாவது உத்தம சோழனின் மொத்த ஆட்சியும் சும்மா போயிருக்கிறது. இரண்டு, ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் மறைந்ததும் மக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினார்கள், சித்தப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்று அது சொல்கிறது. ஆசை இருந்தது என்று எழுதிவிட்டார்களே, போதாதா?

மர்ம நாவல் எனக்குக் கொடுத்த இரண்டாவது பழக்கம் இங்கேதான் கைகொடுத்தது. நல்ல துப்பறியும் கதை "யார்" என்று மட்டும் கேட்பதில்லை. யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று கேட்கும். சுஜாதாவின் கணேஷ் ஒரு வக்கீல் என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 1968-இல் குமுதத்தில் வந்த நைலான் கயிறு முதல் அந்த ஆள் செய்வது, சாட்சி சொல்கிறவனை நிறுத்தி "நீ பார்த்தாயா, கேள்விப்பட்டாயா?" என்று பிரிப்பதைத்தான். தமிழாசிரியர் என்னிடம் கேட்டதும் அதையேதான்.

பொன்னியின் செல்வன் வாராவாரம் வந்துகொண்டிருந்த அதே நாட்களில், 1951-இல், இங்கிலாந்தில் ஜோசபின் டே 'த டாட்டர் ஆஃப் டைம்' என்ற நாவலை வெளியிட்டார். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஸ்காட்லாண்டு யார்டு இன்ஸ்பெக்டர் கிராண்ட், பொழுதுபோகாமல் பதினைந்தாம் நூற்றாண்டுக் கொலை ஒன்றை விசாரிக்கிறார். மூன்றாம் ரிச்சர்டு தன் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரை லண்டன் கோபுரத்தில் வைத்துக் கொன்றான் என்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பாடம். கிராண்ட் கேட்கும் கேள்விகள் ரொம்ப எளிமையானவை. இதை எழுதிய தாமஸ் மோருக்கு அப்போது என்ன வயசு? சின்னப் பிள்ளை. சரி, அப்படியானால் இது சாட்சி இல்லை, கேள்விப்பட்ட கதை. ரிச்சர்டை வென்ற ஏழாம் ஹென்றி, ரிச்சர்டு மேல் சுமத்திய குற்றப்பட்டியலில் இந்தக் கொலை ஏன் இல்லை?

அதே கேள்விகளை நம் கேஸில் போட்டுப் பாருங்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு கொலைக்கு எத்தனை வருஷம் கழித்து எழுதினது? குறைந்தது நாற்பத்தைந்து. யார் எழுதச் சொன்னது? அருள்மொழியின் மகன். தகப்பன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான் என்று மகனுடைய சாசனம் சொல்வது அதிசயமா? உடையார்குடி ஆணை எதைப் பற்றியது? நிலத்தைப் பற்றியது. துரோகிகளை எப்போது பிடித்தார்கள், எப்போது தண்டித்தார்கள் என்று அதில் இல்லை. நிலக் கணக்கு தீர்ந்த தேதியைத் தண்டனைத் தேதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் பாகப்பிரிவினைக் கேஸ் எத்தனை வருஷம் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இதில் தடுமாறவே கூடாது. சதாசிவ பண்டாரத்தார் உட்பட, உத்தம சோழனைக் குற்றவாளி ஆக்குவதை ஏற்காத அறிஞர்கள் உண்டு. ராஜராஜன் தன் மகனுக்கு, பின்னாளில் ராஜேந்திரன் ஆனவனுக்கு, மதுராந்தகன் என்று பெயர் வைத்தான். அது உத்தம சோழனின் பெயர். உத்தம சோழனின் மகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளை விசாரித்திருக்கிறான். அண்ணனைக் கொன்றவன் என்று நினைத்திருந்தால் இப்படி நடந்திருப்பானா? நடந்திருக்கலாம், அரசியல்தானே. ஆனால் "இருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு நான் அன்றைக்கு மேடையில் பேசியது போலப் பேச முடியாது.

டேயின் நாவலில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். ரிச்சர்டை விடுதலை செய்ததோடு கிராண்ட் நிறுத்தவில்லை. ஏழாம் ஹென்றிதான் கொன்றான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். ஒருவர்மேல் போட்ட பழியை எந்தக் காரணத்துக்காக அழித்தாரோ, அதே குறைவான சாட்சியை வைத்து இன்னொருவர்மேல் போடுகிறார். வரலாற்றாசிரியர்கள் அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. மர்மக் கதைக்குள் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வரும்போது கையில் ஒரு கொலையாளி இல்லாமல் வர முடிவதில்லை. வடிவம் விடாது.

இந்த நோக்கில் பார்த்தால் கல்கி செய்தது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அவர் கையில் நந்தினி இருக்கிறாள், சுரங்கப்பாதை இருக்கிறது, ஆபத்துதவிகள் இருக்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் கொலையாளி ஆக்கியிருக்கலாம், நாவல்தானே, யார் கேட்பது? சதித்திட்டம் போட்டவர்களைக் கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். கத்தியைக் கடைசியாக யார் கையில் கொடுப்பது என்ற இடத்தில் மட்டும் விளக்கை அணைத்தார். அது பயமா, அடக்கமா, அல்லது வாராவாரம் எழுதுகிறவரின் தந்திரமா என்று என்னால் சொல்ல முடியாது. கரையான் மேல் இருந்த கோபம் கல்கி மேல் போய், இப்போது யார் மேலும் இல்லை.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2022, 2023-இல் மணிரத்னம் படங்கள் இரண்டும் வந்தபிறகு எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கொலை மறுபடி நடக்க ஆரம்பித்தது. "மறைக்கப்பட்ட உண்மை" என்று தலைப்புப் போட்டு வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஒன்றில் ரவிதாஸன் ஜாதியை வைத்து இன்றைக்கு இருக்கிற ஒரு சமூகம் முழுவதையும் கொலைகாரர்கள் என்கிறார்கள். அதற்குப் பதிலாக வருவதில் குந்தவையும் ராஜராஜனுமே சேர்ந்து கொன்றார்கள் என்கிறார்கள். எல்லாம் நான் மேடையில் பேசிய அதே நடைதான்: யாருக்கு லாபம், யார்மேல் சந்தேகம் வரவில்லை, யார் மறைக்கிறார்கள். பாக்கெட் நாவலின் கடைசி அத்தியாயத்தை ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள்மேல் ஒட்டுகிற வேலை. நாவலில் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கிறவனைப் பார்த்துச் சொல்லும்போது விஷயம் அப்படி இல்லை.

உடையார்குடிச் சுவரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தப் பதிவுகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆணை அந்த அண்ணன் தம்பிகளோடு நிற்கவில்லை. பிள்ளைகள், மனைவிமார், மாமன்மார் என்று உறவுகளின் சொத்தையும் சேர்த்து இழுக்கிறது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவில் நடந்த காரியத்துக்கு, அப்போது பிறந்தே இராத குழந்தைகூட நிலம் இழந்திருக்கலாம். பாக்கெட் நாவல் கொலையாளி பெயரைச் சொன்னதும் முடிந்துவிடும். விவேக், ரூபலாவைக் கூட்டிக்கொண்டு காபி சாப்பிடப் போய்விடுவார். இந்தச் சுவரில் பெயர் சொன்னபிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. யார் நிலம், எவ்வளவு, யார் வாங்கினது, எந்தத் தர்மத்துக்கு எழுதிவைத்தது. மாமன்மார் என்ன ஆனார்கள், எந்த ஊருக்குப் போனார்கள்? அதை எழுத ஒரு நாவலாசிரியர் வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

போன மாதம் ஜெயங்கொண்டத்திலிருக்கும் அக்கா மகன் குரூப்பில் அந்த மாதிரி ஒன்றைப் போட்டான். கல்லூரியில் படிக்கிறவன், நிறையப் படிக்கிற பையன், சுபா நாவல் எல்லாம் போனிலேயே படிப்பான். போன் போட்டேன்.

"இதை எழுதினவரு அந்தக் கல்வெட்டைப் படிச்சிருக்காராடா?"

"தெரியலையே மாமா. நீங்க படிச்சிருக்கீங்களா?"

"சுவத்துல படிக்கத் தெரியல. அச்சுல படிச்சேன்."

"அப்ப யாருதான் மாமா கொன்னது?"

வர்ற ஞாயிற்றுக்கிழமை அவனை உடையார்குடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஜெயங்கொண்டத்தில் ஏறினால் ஒரே பஸ். வழியில் படிக்க அவனுக்கு ஒரு ராஜேஷ்குமார் எடுத்து வச்சிருக்கேன், அப்பா வாங்கினது, கடைசிப் பக்கம் பத்திரமாக இருக்கிறது.